நாற்பது வளைவும் பொள்ளாச்சிக் காற்றும்

வால்பாறைக்கு சைக்கிளில் போய்விட்டு வந்தேன் என்றதும் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். நாற்பது கொண்டை ஊசி வளைவையும் மிதிச்சேவா ஏறுனீங்க? ஆமாம், மிதித்தேதான் ஏறினேன், நடுவில் ஓரிடத்தில் ஒரு முந்நூறு மீட்டர் தள்ளிக்கொண்டு நடந்ததைக் கணக்கில் சேர்க்காவிட்டால். ஆனால் இந்தப் பதிலைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். சைக்கிளை ஓரமாகப் போட்டுவிட்டு பஸ் ஏறிவிடலாமா என்று அன்றைக்கு நான் நினைத்த இடம் மலையே கிடையாது. கிணத்துக்கடவு. கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவில், மேடு இல்லை, வளைவு இல்லை, நாலு வழிச் சாலை, வீட்டுக்கு இன்னும் இருபது சொச்சம் கிலோமீட்டர்தான்.

அதை எழுத வேண்டும் என்றுதான் இரண்டு வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் மலையைத் தாண்டாமல் கிணத்துக்கடவுக்கு வந்து சேர முடியாது, அதனால் காலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் போனது பந்தயம் இல்லை. சைக்கிள்காரர்கள் பிஆர்எம் என்று சொல்லும் நெடுந்தூர ஓட்டம். இதற்கெல்லாம் தாய்வீடு பிரான்ஸ்; பாரிஸிலிருந்து பிரெஸ்ட் நகரம் வரை போய்த் திரும்பும் 1200 கிலோமீட்டர் ஓட்டம் அங்கே 1891இல் ஆரம்பித்தது, இப்போது நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது, 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதற்குப் போக ஆசைப்படுகிறவர்கள் முதலில் 200, 300, 400, 600 கிலோமீட்டர் என்று படிப்படியாக முடித்துக் காட்ட வேண்டும், அந்தப் படிகளைத்தான் உலகம் முழுக்க ஊர் ஊராக நடத்துகிறார்கள். எனக்கு பாரிஸ் ஆசையெல்லாம் கிடையாது. முதல் படியே போதும். 200 கிலோமீட்டர், 13 மணி 30 நிமிடம், கையில் ஒரு அட்டை, அங்கங்கே கட்டுப்பாட்டு இடங்களில் நேரம் குறித்துக் கையெழுத்து. ஏழு மணி நேரத்தில் வந்தவருக்கும் கெடு முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது வந்தவருக்கும் ஒரே மரியாதைதான், முதல் இடம் இரண்டாம் இடம் எதுவும் கிடையாது. பின்னாலேயே வண்டியில் வந்து தண்ணீர் கொடுப்பது, டயர் மாற்றிக் கொடுப்பது எதுவும் கூடாது. ஓட்டுகிறவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இதில் எனக்குப் பிடித்ததே, கூட்டமாகக் கிளம்பினாலும் தனியாக ஓட்டலாம் என்பதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பேர் ஒரே நிற பனியன் போட்டுக்கொண்டு அவிநாசி ரோட்டில் கத்திக்கொண்டே போவார்களே, அந்தக் கூட்டம் எனக்கு ஆகாது. ஒருவன் வேகமாகப் போனால் எல்லாரும் வேகமாகப் போக வேண்டும், ஒருவன் டீ குடித்தால் எல்லாரும் டீ குடிக்க வேண்டும். கல்யாணத்துக்கு வேன் எடுத்துப் போவதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பேன். அப்படிக் கேட்டவன்தான் நான், அதை இங்கேயே ஒத்துக்கொள்கிறேன்.

சரி, கணக்கைப் பார்க்கலாம். கோவை உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி 40 கிலோமீட்டர், பொள்ளாச்சியிலிருந்து ஆழியார் 24, ஆழியாரிலிருந்து வால்பாறை 40. ஆக மொத்தம் 104, திரும்பி வர இன்னொரு 104. நடுவிலிருக்கும் கட்டுப்பாட்டு இடத்துக்கும் ஒரு கெடு உண்டு, மணிக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுவார்கள். காலை 5 மணிக்குக் கிளம்பினால் வால்பாறையில் 11:56க்குள் அட்டையை நீட்டியாக வேண்டும். ஆழியார் வரை மூன்று மணி நேரம் என்று வைத்தால் மலைக்கு மிஞ்சுவது நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி. என்னுடைய 81 கிலோ உடம்பு, சைக்கிள், தண்ணீர், பையில் இருந்த கடலை மிட்டாய் எல்லாம் சேர்த்து நூறு கிலோவுக்குப் பக்கத்தில் வரும். அதை 300 மீட்டர் உயரத்திலிருந்து 1000 மீட்டருக்கு மேலே கொண்டுபோக வேண்டும். முந்தின நாள் இரவு காகிதத்தில் இதைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தூங்கினேன், சொல்லப்போனால் தூங்கவில்லை.

செப்டம்பர் கடைசி. இருட்டு. நாற்பது பேர் இருப்போம். எல்லார் முதுகிலும் ஒளிரும் பட்டை, ஹேண்டில்பாரில் விளக்கு. ஈச்சனாரி வந்ததும் முன்னால் போனவர்களில் பாதிப் பேர் ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள், பிள்ளையாருக்கு அவ்வளவுதான் நேரம் ஒதுக்க முடியும். மலுமிச்சம்பட்டி, ஒத்தக்கால்மண்டபம், கிணத்துக்கடவு எல்லாம் இருட்டிலேயே கடந்து போயின. விடியற்காலையில் காற்றே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிணத்துக்கடவு மேம்பாலத்தில் ஏறும்போது, என்ன ஒரு அருமையான ரோடு, திரும்பி வரும்போது இங்கே பறந்துவிடலாம் என்று நானே எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

பொள்ளாச்சி வருவதற்குள் விடிந்துவிட்டது. அங்கலக்குறிச்சிப் பக்கம் இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, வாய்க்காலில் தண்ணீர், எதிரே முழு நீளத்துக்கு ஆனைமலை. இந்த இடத்தில் மலையைப் பார்த்தால் அதில் ரோடு போட முடியும் என்றே தோன்றாது, சுவர் மாதிரி நிற்கும். 7:50க்கு ஆழியார். மீன் வறுவல் கடைகள் இன்னும் திறக்கவில்லை, அதுவும் நல்லதுக்குத்தான். சோதனைச் சாவடியில் வனத்துறைக்காரர் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பையைத் தடவிப் பார்த்தார். எனக்கு முன்னால் நின்ற ஒருவர் சீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு மஞ்சப்பையைக் கட்டியிருந்தார், அதைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே போங்க போங்க என்று விட்டுவிட்டார். அந்த மஞ்சப்பையை அன்றைக்கு முழுவதும் பார்த்துக்கொண்டே இருக்கப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

குரங்கு அருவி தாண்டியதும் வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு, 1/40, 2/40 என்று. யார் செய்த யோசனையோ, காரில் போகிறவருக்கு இது விளையாட்டு. சைக்கிளில் போகிறவருக்கு கடன்காரன் வீட்டு வாசலில் உட்கார்ந்து பாக்கியைப் படித்துக் காட்டுகிற மாதிரி. மலையேற்றம் அவ்வளவு செங்குத்து ஒன்றும் இல்லை, கொல்லிமலையை நினைத்தால் இது தேவலை, ஆனால் விடாது. இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் ஒரே சீராக மேலே இழுத்துக்கொண்டே போகும். சின்ன கியரில் போட்டு, மணிக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர் வேகத்தில், பக்கத்தில் போகிறவரோடு பேசினால் மூச்சு போய்விடும் என்பதால் பேசாமல், அவரவர் பாட்டுக்கு மிதித்துக்கொண்டு போனோம். முதல் ஐந்து வளைவுக்குள் நாற்பது பேரும் சிதறிவிட்டார்கள். ஏழாவதில் என் முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லை. நான் ஆசைப்பட்டது கிடைத்தது.

இயற்கை அழகை ரசித்துக்கொண்டே மலை ஏறினேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏறும்போது கண்ணுக்குத் தெரிவது முன் டயருக்கு இரண்டு மீட்டர் முன்னால் இருக்கும் தார்தான். அதில் ஒரு மரவட்டை, ஒரு பீடித் துண்டு, யாரோ துப்பிய பாக்கு. மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டு சொட்டாக ஹேண்டில்பாரில் விழுவதை எண்ணிக்கொண்டிருந்தேன். நின்றால்தான் மலை தெரியும். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ என்று சொல்வார்களே, அந்த இடத்தில் நின்றேன். கீழே ஆழியார் அணை ஒரு தட்டில் ஊற்றி வைத்த மாதிரி கிடந்தது. மேலே பாறைச் சரிவில் நான்கைந்து வரையாடுகள். நம் மாநில விலங்கு. ஒன்று ரோட்டுக்குப் பக்கத்துச் சுவர் வரைக்கும் இறங்கி வந்து, நின்ற இடத்தில் அசை போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தது. இத்தனை செங்குத்தில் அது சும்மா நிற்கிறது, மூச்சுகூட வாங்கவில்லை. எனக்கு லேசாகக் கோபமே வந்தது. மூன்று நிமிடம் நின்றேன், அந்த மூன்று நிமிடமும் கெடுவிலிருந்து போனது.

அட்டகட்டி தாண்டிப் பதினைந்து நிமிடத்தில் உடம்பு நின்றுவிட்டது. கால் வலி என்று சொல்ல முடியாது, வண்டியில் பெட்ரோல் தீர்ந்தால் எப்படியோ அப்படி. பசிக்கும் முன்னால் சாப்பிட வேண்டும் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள், நேரக் கணக்கில் அதை விட்டுவிட்டேன். இறங்கித் தள்ளினேன். கடலை மிட்டாயைக் கடிக்கக்கூடத் தெம்பில்லாமல் வாயில் ஊறவைத்துக்கொண்டு நடந்தபோது, பின்னாலிருந்து வந்து கடந்து போன ஒருவர், அறுபதுக்கு மேல் இருக்கும், பழைய இரும்பு சைக்கிள், ஒரு நொடி வேகத்தைக் குறைத்து, "ஏனுங்க தம்பி, முடியலீங்களா? மெதுவா வாங்க, மலை எங்கயும் ஓடிப் போயிராது" என்றார். மலை ஓடாது, மணி ஓடுகிறதே என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் அடுத்த வளைவில் மறைந்துவிட்டார்.

இங்கே யாரும் யாருக்கும் எதுவும் செய்ய முடியாது. அவர் நினைத்திருந்தாலும் முடியாது. மேட்டில் நாம் போராடுவது எடையோடு, என் எடையை இன்னொருவர் தூக்க முடியாது. எட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஒருவருக்குப் பின்னால் ஒளிந்து ஓட்டினாலும் துளி லாபம் இல்லை, ஏனென்றால் அந்த வேகத்தில் காற்று ஒரு பொருட்டே கிடையாது. இந்த விஷயத்தை அன்றைக்குச் சாயந்திரம்தான் மறுபக்கத்திலிருந்து புரிந்துகொண்டேன்.

கவர்க்கல்லில் மூடுபனி. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை, விளக்கைப் போட்டுக்கொண்டேன், தூறலா பனியா என்று சொல்ல முடியாத ஈரம். கொண்டை ஊசி வளைவுகள் முடிந்தால் மேடு முடிந்தது என்று நினைத்தது என் தப்பு, தேயிலைத் தோட்டங்களுக்குள் ரோடு ஏறி இறங்கி ஏறி இறங்கி விளையாட்டுக் காட்டியது. அய்யர்பாடி, ரொட்டிக்கடை. புதுத்தோட்டம் பக்கத்தில் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் மாதிரி கட்டி விட்டிருக்கிறார்கள், சிங்கவால் குரங்குகள் ரோட்டில் இறங்கி அடிபடாமல் அந்தப் பக்கம் போவதற்கு. குரங்கு எதுவும் கண்ணில் படவில்லை. 11:41க்கு வால்பாறையில் அட்டையை நீட்டினேன். கெடுவுக்குப் பதினைந்து நிமிடம் பாக்கி. தயிர்சாதம், ஊறுகாய், மேலே ஒரு டீ. எனக்குப் பின்னால் வந்தவர்கள் ஆறேழு பேர் இருப்பார்கள். இரண்டு பேர் கெடுவுக்கு நாலு நிமிடம் கழித்து வந்து, ஒன்றும் பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அந்த முகங்களைப் பார்த்தபோது சாப்பாடு இறங்கவில்லை.

இறக்கம் சுகம் என்று நினைப்பவர்கள் மலையில் சைக்கிள் ஓட்டாதவர்கள். போகும் முன் வாரம் சைக்கிளைக் கடையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தேன். பிரேக் ஷூ இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் தாங்கும் சார் என்றார் அந்தக் கடைக்காரர். சமதரையில் தாங்கியிருக்கும். ஈரமான ரோடு, மணல், நாற்பது வளைவு. முப்பதாவது வளைவுக்கு வருவதற்குள் முன் பிரேக் கீச்சு கீச்சென்று ஊரையே கூட்டியது, லீவர் ஹேண்டில்பார் வரைக்கும் வந்து இடித்தது. தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடாகும், ரொம்பச் சூடானால் உள்ளே ட்யூப் வெடித்தாலும் வெடிக்கும். அதனால் முன் பிரேக் கொஞ்சம், பின் பிரேக் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் பிடித்து, மூன்று நாலு வளைவுக்கு ஒருமுறை நின்று, ரிம்மைத் தொட்டுப் பார்த்து, விரலைச் சுட்டுக்கொண்டு இறங்கினேன். எதிரே பஸ் வரும். வால்பாறை பஸ் டிரைவர்கள் வளைவில் ஹாரன் அடித்துவிட்டு முழு ரோட்டையும் எடுத்துக்கொள்வார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அந்த நீளத்துக்கு அப்படித்தான் திருப்ப முடியும். நாம்தான் ஓரத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். இறங்கும்போதும் அழகைப் பார்க்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆழியாரில் அந்த இரும்பு சைக்கிள் பெரியவர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். என் பிரேக் சத்தம் வளைவுக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்டதாம். சைக்கிளை வாங்கிச் சாய்த்து, ஷூவைப் பார்த்து உச்சுக்கொட்டி, கேபிளை இழுத்து இறுக்கிக் கொடுத்தார். "இது போதுமுங்க, இனி மேடு பள்ளம் ஏது, சமரோடுதானே." சத்தம் மட்டும் போகவில்லை.

சமரோடு.

பொள்ளாச்சி தாண்டும்போது மணி மூன்றே முக்கால். கையில் இரண்டே முக்கால் மணி நேரம், போக வேண்டியது 40 கிலோமீட்டர். கண்ணை மூடிக்கொண்டு முடிக்கலாம் என்றுதான் யாரும் சொல்வார்கள். ஊரைத் தாண்டி வெட்டவெளிக்கு வந்ததும் இடது பக்கத்திலிருந்து ஒரு தள்ளு. யாரோ தோளில் கை வைத்துத் தள்ளின மாதிரி. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலையில் விழுந்த ஓட்டைதான் பாலக்காட்டுக் கணவாய், 30 கிலோமீட்டருக்கு மேல் அகலம். தென்மேற்குப் பருவத்தில் கேரளத்திலிருந்து வரும் காற்று முழுக்க அந்த வாசல் வழியாகத்தான் நம் பக்கம் பாயும், இந்தப் பகுதியில் இத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. பொள்ளாச்சி கோவை ரோடு அந்த வாசலுக்குக் குறுக்கே தெற்கு வடக்காகப் போகிறது. முன்னெல்லாம் இரண்டு பக்கமும் மரம் இருந்தது, நாலு வழியாக அகலப்படுத்தியபோது வெட்டிவிட்டார்கள். தடுக்க ஒன்றும் இல்லை. லாரி கடக்கும்போது ஒரு நொடி காற்று நின்று, அது போனதும் முழு வேகத்தில் திரும்ப அடிக்கும், சைக்கிள் ஒரு முழம் வலது பக்கம் போய்விடும். பின்னால் இன்னொரு லாரி.

கோவில்பாளையம் வருவதற்குள் வேகம் 13க்கு இறங்கிவிட்டது. மலையில் போன வேகத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் மலையில் குறை சொல்ல மலையாவது இருந்தது. இங்கே கண்ணுக்கு எதுவும் தெரியாது. தட்டையான ரோடு, தெரிகிற தூரம் வரை நேராக. கிணத்துக்கடவு மேம்பாலம் ஏறும்போது காற்று கீழேயிருந்தும் வருகிற மாதிரி இருந்தது, பயத்தில் இறங்கி நின்றேன். காலையில் பறந்துவிடலாம் என்று சொன்ன அதே பாலம். கணக்குப் போட்டேன். இந்த வேகத்தில் போனால் முடியாது. கீழே சர்வீஸ் ரோட்டில் கோவை பஸ் ஒன்று நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. டிரைவரிடம் கேட்டால் சைக்கிளை மேலே போட்டுக்கொள்வாரா என்றுதான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போது நாலு பேர் வரிசையாக வந்தார்கள். முன்னால் பெரியவர். அவருக்குப் பின்னால் இரண்டு கல்லூரிப் பையன்கள். கடைசியில் மஞ்சப்பை. யாரும் நிற்கவில்லை, பெரியவர் மட்டும் திரும்பாமலே இடது கையைப் பின்னால் நீட்டி, வா என்று ஆட்டினார். யோசிக்க நேரம் இல்லை, மிதித்துப் போய் மஞ்சப்பைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டேன்.

அந்த வித்தியாசத்தை எப்படிச் சொல்வது? கல்யாண மண்டபத்தில் கதவைச் சாத்தினால் வெளியே மேளச் சத்தம் சட்டென்று தூரமாகப் போகுமே, அந்த மாதிரி. காற்று இருந்தது, ஆனால் வேறு யாருக்கோ அடித்துக்கொண்டிருந்தது. சமதரையில் சைக்கிள்காரன் செலவழிக்கும் சக்தியில் பெரும்பகுதி காற்றைக் கிழிக்கத்தான் போகிறது, முன்னால் ஒருவர் கிழித்துக்கொடுத்தால் பின்னால் இருப்பவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சம். இதெல்லாம் படித்ததுதான். ஆனால் பக்கக்காற்று என்றால் நேர் பின்னால் இருந்தால் போதாது, காற்று இடது பக்கமிருந்து வந்தால் முன்னால் இருப்பவரின் வலது பக்கம் கொஞ்சம் ஒதுங்கி, சாய்வாக நிற்க வேண்டும். ரோட்டு ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பது ஒன்றரை மீட்டர் இடம். அதில் மூன்று பேர்தான் அப்படிச் சாய்வாக நிற்க முடியும். நாலாவது ஐந்தாவது ஆளுக்குப் பாதி நிழல்தான், அதற்கு மேல் ஒதுங்கினால் லாரியின் வாய்க்குள் போக வேண்டும். அதனால் பெரியவர் ஒரு முறை வைத்திருந்தார். முன்னால் இழுப்பவர் இரண்டு நிமிடம் இழுத்துவிட்டுக் கொஞ்சம் மெதுவாகிக் கடைசிக்கு வருவார், அடுத்தவர் முன்னால். யாரும் விளக்கிச் சொல்லவில்லை, இரண்டு சுற்றில் தானாகப் புரிந்தது.

"குழி!" என்று முன்னால் இருப்பவர் கத்தினால் அது ஒவ்வொரு வாயாகப் பின்னால் வரும், குழி, குழி, குழி. முன் சக்கரம் மஞ்சப்பையின் பின் சக்கரத்துக்கு ஒரு முழம்கூட இடைவெளி இல்லாமல் போகிறது, ரோட்டைப் பார்க்க முடியாது, அவர் முதுகையும் அந்தப் பையையும் மட்டும் பார்த்துக்கொண்டு, அவர் ஒதுங்கினால் ஒதுங்கி, நிமிர்ந்தால் நிமிர்ந்து. முன்பின் தெரியாத ஒருவரை இவ்வளவு நம்பி நான் எதுவும் செய்ததில்லை. பையில் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். ஏதோ உருண்டையாக. ஆரஞ்சா, துணியா.

என் முறை வந்தது. ஒத்தக்கால்மண்டபத்துக்கு முன்னால். முன்னால் போனதும் அந்தக் கதவு திறந்துகொண்டது, முழுக் காற்றும் என் மேல். நூறு மிதி என்று எண்ண ஆரம்பித்தேன். எழுபதில் தொடை நடுங்கியது. அப்புறம் பின்னாலிருந்து நாலு செயினின் சத்தம் கேட்டது, என் வேகத்தை நம்பி நாலு பேர், நூற்றிருபது வரை போனேன். பெரிய சாதனை ஒன்றும் இல்லை, அந்தப் பையன்கள் முந்நூறு போயிருப்பார்கள். ஆனால் காலையிலிருந்து அன்றைக்கு நான் மிதித்ததில் எனக்குப் பெருமையாக இருக்கும் மிதி அந்த நூற்றிருபதுதான், நாற்பது வளைவும் இல்லை. இதைச் சொன்னால் கேட்கிறவர்களுக்குப் புரிவதில்லை.

மலுமிச்சம்பட்டியில் கட்டடங்கள் ஆரம்பித்ததும் காற்று செத்தது. ஈச்சனாரியில் டிராபிக். வரிசை உடைந்து, அவரவர் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் வழி தேடிக்கொண்டு போனோம், சிக்னலில் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிட்டோம். உக்கடம் வந்தபோது 6:17. கெடு 6:30. பெட்ரோல் பங்க் ஓரத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவரிடம் அட்டையை நீட்டினேன். வியர்வையில் ஊறி, வால்பாறைக் கையெழுத்து நீலமாகப் பரவி, 11:41இல் கடைசி ஒன்று மட்டும்தான் தெளிவாகத் தெரிந்தது. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார்.

எனக்குப் பின்னால் இன்னொரு சைக்கிள் வந்து நின்றது. நான் பிரேக் பிடித்து ஓரமாக நகர்த்தினேன், அது வழக்கம்போலக் கீச்சென்றது. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஐம்பது வயது இருக்கும், மூக்குத்தி, முகம் முழுக்க உப்புப் பூத்திருந்தது. சீட்டுக்குப் பின்னால் மஞ்சப்பை.

"அட, அந்தக் கீச்சுச் சத்தம் நீங்கதானா?" என்றார்.